‘அது ஷியா சுன்னிச் சண்டை’ என்று சொல்லி முடிக்க முன்னம்: அரபு நாட்டுச் செய்தியைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி சதாம் ஹுசைனின் படை குவைத்துக்குள் புகுந்தபோது என்னுடைய சாச்சி அங்கே ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தார். வீட்டுக்காரர்கள் முதல் வாரத்திலேயே சவூதிப் பக்கம் ஓடிவிட, அவர் இன்னும் நாலைந்து இலங்கைப் பிள்ளைகளோடு சேர்ந்து பஸ்ஸிலும் லொறியிலுமாக ஈராக்கைக் கடந்து ஜோர்தான் எல்லைக்கு வந்து, பாலைவனத்துக் கூடாரத்தில் நாட்கணக்காகக் கிடந்தார். அங்கே தண்ணீர் வரிசையில் நின்ற ஒரு எகிப்துக்காரர், வானொலியில் கேட்டதை வைத்து விசாரித்தாராம்: "உங்கட நாட்டுல பள்ளிவாசலுக்குள்ள தொழுதுகொண்டிருந்த ஆக்களைச் சுட்டிருக்கிறாங்க, அது சமயச் சண்டையா?" கிழக்கிலங்கையின் காத்தான்குடியில் புலிகள் அதைச் செய்தது ஆகஸ்ட் 3ஆம் திகதி, குவைத் விழுந்த மறுநாள். அந்த ஆள் சொல்லித்தான் சாச்சிக்கே அது தெரியும். அழுதுகொண்டே, தெரிந்த உடைந்த அரபியில் வயல் காணி, இயக்கம், ஆமி, ஊர்காவல் படை, நேற்றுவரை ஒரே சந்தைக்குப் போய்வந்த சனம் என்று வரிசை முன்னே நகரும்வரை சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒரு வரிதான்: "இங்கேயும் அப்படித்தான் மகள், சதாமுக்குக் கடன், குவைத்துக்கு எண்ணெய், எனக்கு மூன்று மாதச் சம்பளம் போச்சு."

அதே மாதம் 12ஆம் திகதி வீரமுனையில் தமிழ்ச் சனம் கொல்லப்பட்டது. இந்த இரண்டையும் சேர்த்து யாராவது வெளியூர்க்காரர் "தமிழனும் முஸ்லிமும் காலங்காலமாக வெட்டிக்கொள்கிறார்கள்" என்று எழுதினால் நமக்கு எப்படி எரியும்? அப்படியானால் யெமனைப் பற்றியும் ஈராக்கைப் பற்றியும் நாம் அதே மாதிரி ஒரு வரியில் பேசக்கூடாது. நான் கீழே சொல்கிற முறை முழுவதும் இந்த ஒரு எண்ணத்தில் இருந்துதான் வருகிறது.

காத்தான்குடியில் இருந்து பொத்துவில் வரைக்கும் மத்திய கிழக்கில் ஆள் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அங்கே ஒரு வெடிச்சத்தம் கேட்டால் இங்கே அரை மணித்தியாலத்துக்குள் வாட்ஸ்அப்பில் பத்து குரல் பதிவு வந்துவிடும். அவற்றில் எது என்ன என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பதற்றம் பாதியாகக் குறையும், அதோடு அந்த நாட்டுச் சனத்துக்கும் நாம் அநியாயம் செய்யாமல் இருப்போம்.

சரி, முதலில் செய்யவேண்டியது, பிள்ளைகளின் பள்ளிக்கூட அட்லஸை எடுத்து மேற்காசியா, வட ஆப்பிரிக்கா பக்கத்தைத் திறந்து வைப்பது. உண்மையாகத்தான் சொல்கிறேன், போனில் பார்ப்பதைவிட தாளில் பார்த்தால்தான் மனதில் நிற்கும். அரபு லீக் 1945இல் தொடங்கியது, இன்று அதில் 22 உறுப்பினர்கள். மேற்கே மொரிட்டானியா, மொரோக்கோ, கிழக்கே ஓமான், தெற்கே சோமாலியா, கொமொரோஸ் என்று பரந்து கிடக்கிறது. ஈரான் அரபு நாடு கிடையாது, துருக்கியும் கிடையாது. இந்த இரண்டையும் உள்ளே போட்டுக் குழப்புவதுதான் நான் அதிகம் காண்கிற பிழை. நாடுகளுக்கு உள்ளேயும் எல்லோரும் அரபிகள் இல்லை: ஈராக்கிலும் சிரியாவிலும் குர்தியர், அல்ஜீரியாவிலும் மொரோக்கோவிலும் அமாஸிக் மக்கள். எகிப்தில் கொப்திக் கிறிஸ்தவர்களும் லெபனானில் மரோனைட் கிறிஸ்தவர்களும் நூற்றாண்டுகளாக இருக்கிறார்கள். ஆகவே "அரபு நாட்டில் சண்டை" என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி, "எந்த நாட்டில், எந்த ஊரில்?" சூடானில் நடக்கிற சண்டைக்கும் டுபாயில் ஹோட்டலில் வேலை செய்கிற உங்கள் தம்பிக்கும் நடுவில் செங்கடலும் சவூதிப் பாலைவனமும் இருக்கின்றன.

அடுத்தது, இது என்ன வகைச் சண்டை என்று பார்ப்பது. இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும்.

சில இடங்களில் சண்டை சனத்துக்கும் ஆட்சிக்கும் இடையில். 2010 டிசம்பர் 17ஆம் திகதி துனீசியாவின் சிடி பூசித் என்ற ஊரில், தள்ளுவண்டியில் பழம் விற்ற முகமது பூஅஸீஸி தன் சாமான்களை அதிகாரிகள் பறித்த பிறகு தனக்குத் தானே தீ வைத்துக்கொண்டார். ஒரு மாதம் ஆகவில்லை, 1987இல் இருந்து ஆண்ட சனாதிபதி பென் அலி ஜனவரி 14ஆம் திகதி சவூதிக்குத் தப்பி ஓடினார். பெப்ரவரி 11இல் எகிப்தில் சனாதிபதி முபாரக் பதவியை விட்டுப் போனார். இதில் ஷியா, சுன்னி என்ற முஸ்லிம் சமயப் பிரிவுகளுக்கு எந்த வேலையும் இல்லை. துனீசியாவில் கிட்டத்தட்ட எல்லோரும் சுன்னிகள். 2022இல் பெற்றோல் வரிசையிலும் காஸ் வரிசையிலும் நின்ற நமக்கு இந்த வகையை யாரும் படிப்பித்துத் தரத் தேவையில்லை.

சில இடங்களில் சமூகங்களுக்குள் அதிகாரப் பங்கீடு. லெபனானில் 1943இல் வாய்மொழியாக ஓர் உடன்பாடு செய்தார்கள்: சனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா. அது இன்றுவரை ஓடுகிறது. அதற்கு அடிப்படையாக இருந்த சனத்தொகைக் கணக்கெடுப்பு 1932இல் எடுத்தது, அதற்குப் பிறகு அங்கே ஒன்று எடுக்கவேயில்லை, ஏன் என்றால் எண்ணினால் பங்கு மாறும், பங்கு மாறினால் துவக்குத் தூக்குவார்கள் என்ற பயம். 1975இல் தூக்கத்தான் செய்தார்கள், 1990 வரை 15 வருடம். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவது பற்றித் தமிழரும் முஸ்லிம்களுமாக இரண்டு பக்கமும் எத்தனை வருடமாக எண்ணிக்கையும் எல்லையும் வைத்து வாதாடுகிறோம் என்று தெரிந்தவருக்கு லெபனான் உடனே பிடிபடும். அங்கே மாதிரி இங்கேயும் சமயம் ஒரு பெயர்ப்பலகை. உள்ளே இருப்பது காணிப் பதிவு, வேலை, நிதி ஒதுக்கீடு.

தலைநகரம் ஓரத்தை மறந்ததால் வருகிற சண்டை வேறு. சூடானில் டார்பூர், லிபியாவில் கிழக்குப் பக்கம், யெமனில் தெற்கு. தெற்கு யெமன் 1967 முதல் 1990 வரை தனி நாடாக இருந்தது, சேர்ந்து நாலே வருடத்தில், 1994இல், பிரிய முயன்று போரில் தோற்றது. ஏடனில் இருக்கிற ஆள் "எங்கட எண்ணெய், எங்கட துறைமுகம், காசு மட்டும் தலைநகரம் சனாவுக்குப் போகுது" என்று சொல்கிற குரல் மட்டக்களப்பானுக்கோ அம்பாறையானுக்கோ புதிதாகக் கேட்காது.

அப்புறம், ஆட்சிகளுக்கு இடையிலான போட்டி. 2017 ஜூன் 5ஆம் திகதி சவூதி, எமிரேட்ஸ், பஹ்ரைன், எகிப்து நாலும் சேர்ந்து கட்டாரின் வழிகளை அடைத்தன. 2021 ஜனவரியில்தான் திறந்தார்கள். சவூதிக்கும் கட்டாருக்கும் மொழி ஒன்று, பிரிவு ஒன்று, ஒரே வளைகுடாக் கூட்டமைப்பு, குடும்பங்கள்கூட எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். கட்டாரின் தொலைக்காட்சியான அல் ஜஸீராவை மூடு, ஈரானோடு உறவைக் குறை, முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தை விடு என்றெல்லாம் நிபந்தனை போட்டார்கள். ஒரே கலிமா சொல்கிறவர்கள் எப்படி இப்படி என்று கேட்கிறவர்கள், சாய்ந்தமருது கல்முனையிடம் தனியாக நகரசபை கேட்ட நாட்களை நினைத்துப் பாருங்கள்.

பலஸ்தீனத்தை இந்த வரிசைக்குள் கலக்காதீர்கள். அது நாட்டுக்குள் அதிகாரப் போட்டியாகத் தொடங்கியது இல்லை. 1948இல் ஏழு இலட்சம் அளவிலான மக்கள் வீடு வாசலை இழந்தார்கள், 1967இல் மேற்குக் கரையும் காஸாவும் கிழக்கு ஜெருசலேமும் பிடிக்கப்பட்டன, காணிமேல் காணியாகக் குடியேற்றங்கள் வந்தன. பலஸ்தீன இயக்கங்களான ஹமாஸும் ஃபத்தாவும் 2007இல் அடித்துக்கொண்டது உள்ளே நடந்த இன்னொரு சண்டை. அதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஆனால் அதைக் காட்டி முதலாவதை மறைக்கக்கூடாது. மேற்குச் சஹாராவும் இந்த வகைக்குக் கிட்டத்தான் வரும்: 1975இல் ஸ்பெயின்காரர் வெளியேற, மொரோக்கோ உள்ளே வந்தது, அங்கே விடுதலை கேட்கிற போலிசாரியோ இயக்கம் எதிர்த்தது, இன்னும் தீரவில்லை.

வகை பார்த்த பிறகு, அது மாறிக்கொண்டே போகும் என்பதையும் கவனியுங்கள். சிரியாவில் 2011 மார்ச்சில், தெரா ஊரில், ஆட்சிக்கு எதிராகச் சுவரில் எழுதிய பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பொலிஸ் பிடித்துச் சித்திரவதை செய்ததில் தொடங்கியது சனத்துக்கும் ஆட்சிக்கும் இடையிலான சண்டை. ஒரு வருடத்துக்குள் அது ஆயுதக் குழுக்களின் சண்டையானது. ஈரானும் லெபனானின் ஷியா ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லாவும் ஆட்சியின் பக்கம், துருக்கியும் வளைகுடாக் காசும் இன்னொரு பக்கம், 2015 செப்டம்பரில் ரஷ்ய விமானங்கள், நடுவில் ஐ.எஸ். என்ற ‘இஸ்லாமிய அரசு’ ஆயுதக் குழு. 2024 டிசம்பர் 8ஆம் திகதி சனாதிபதி பஷார் அல் அசாத் ஓடியபோது நாட்டுச் சனத்தில் பாதிக்கு மேல் இடம்பெயர்ந்து போயிருந்தது. 2011இல் எழுதிய விளக்கத்தை 2015க்குப் பாவித்தால் பிழைக்கும்.

இப்போது காரணம். நம்மூர்த் தமிழில் இதற்கு அருமையான இரண்டு சொல் இருக்கிறது, காரணம் ஒன்று, சாட்டு மற்றது. பூஅஸீஸியின் தள்ளுவண்டி, தெரா பிள்ளைகளின் சுவர், லெபனானில் 2019 ஒக்டோபரில் வாட்ஸ்அப் அழைப்புக்குப் போடப்போன வரி, இதெல்லாம் சண்டை வெடித்த இடம், அவ்வளவுதான். காரணம் அதற்குப் பல வருடம் முன்னமே விளைந்து நிற்கும். ஒரு செய்தியைப் பார்த்தால் "இதற்கு ஐந்து வருடம் முன்னம் இந்த ஊரில் சாப்பாட்டு விலை என்ன, படித்த பிள்ளைக்கு வேலை இருந்ததா, பொலிஸ் எப்படி நடந்தது" என்று தேடிப் பாருங்கள், பாதி விடை அங்கே கிடைக்கும்.

சாப்பாட்டு விலையை லேசாக எடுக்காதீர்கள். எகிப்தில் பாணுக்கு "அய்ஷ்" என்று பெயர், அதே சொல்லுக்கு வாழ்வு என்றும் பொருள். 1977 ஜனவரியில் சனாதிபதி சதாத் உணவு மானியத்தை வெட்டியவுடன் ஊர் ஊராகக் கலவரம் வந்து, ஒன்றிரண்டு நாளில் முடிவை மாற்றவேண்டி வந்தது. 2011இல் தஹ்ரீர் சதுக்கத்தில் கத்தியதிலும் முதல் சொல் அய்ஷ்தான், சுதந்திரமும் சமூக நீதியும் அதற்குப் பிறகு. வேலையும் அப்படியே. மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் பட்டதாரிகள் நாட்கணக்காகக் குந்தியிருந்ததைக் கண்டிருப்பீர்கள். அந்த வரிசையை ஒரு முழு நாட்டுக்கு நீட்டினால் 2010இன் துனீசியா.

எண்ணெய் இருக்கிற நாட்டில் கணக்கு வேறு. அங்கே அரசாங்கம் சனத்திடம் வரி வாங்கி வாழவில்லை, எண்ணெய் விற்றுச் சனத்துக்குக் கொடுக்கிறது. வரி கேட்காதவனிடம் கணக்கு கேட்பதும் கஷ்டம். 2011இல் சவூதி மன்னர் கோடிக்கணக்கில் வீடு, சம்பள உயர்வு என்று அறிவித்ததும் தெரு பெரும்பாலும் அமைதியாக இருந்ததும் தற்செயல் இல்லை. எண்ணெய் கொஞ்சமாக இருந்து சனம் அதிகமாக இருக்கிற யெமன் போன்ற இடத்தில் அந்த மருந்து வேலை செய்யாது.

பழைய எல்லைக்கோடுகளையும் சொல்வார்கள், 1916இல் பிரித்தானியாவும் பிரான்சும் அரபு நிலத்தைப் பங்கிட இரகசியமாகப் போட்ட சைக்ஸ்-பிகோ ஒப்பந்தம், பலஸ்தீனத்தில் யூதருக்குத் தாயகம் என்று பிரித்தானியா வாக்களித்த 1917இன் பல்போர் பிரகடனம். உண்மை, அவை பெரிய காயம். ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டால் இன்றைக்குச் சிறைச்சாலை நடத்துகிறவர் தப்பிவிடுவார். எகிப்துக்கு அப்படி யாரும் கோடு போட்டுக் கொடுக்கவில்லை, அங்கேயும் சிறை நிரம்பித்தான் இருக்கிறது. மழையும் ஒரு காரணம்: சிரியாவில் 2006 முதல் பல வருடம் மழை பொய்த்து, வடகிழக்கு விவசாயிகள் கூட்டங்கூட்டமாக நகர ஓரங்களுக்கு வந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வராத ஒரு போகம் என்ன செய்யும் என்று சம்மாந்துறை வயற்காரரைக் கேளுங்கள்.

இவ்வளவு காரணம் எல்லா இடத்திலும் இருந்தும் ஏன் துனீசியாவில் ஒரு மாதத்தில் முடிந்தது, சிரியாவில் பதின்மூன்று வருடம் இழுத்தது? இதற்கு நான் எப்போதும் பார்ப்பது ஒன்றை: ஆமி எந்தப் பக்கம் நின்றது. துனீசியாவில் ஆமி பென் அலியைக் காப்பாற்ற நிற்கவில்லை. எகிப்தில் ஆமி முபாரக்கைக் கைவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, 2013 ஜூலை 3இல் தேர்தலில் வென்ற சனாதிபதி முர்சியை நீக்கித் தானே திரும்பி வந்தது. மக்ரோனியில் இருந்து சீமெந்து வரை விற்கிற ஆமி அது, இழக்க நிறைய இருக்கிறது. லிபியாவில் ஆமி இரண்டாக உடைந்தது. சிரியாவில் மேல்மட்ட அதிகாரிகள் பலர் அசாத்தின் சிறுபான்மைச் சமயப் பிரிவான அலவி சமூகத்தவர், ஆட்சி போனால் தங்கள் சமூகமே போகும் என்று நம்பவைக்கப்பட்டதால் கடைசிவரை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பஹ்ரைனில் 2011 மார்ச்சில் பக்கத்து நாட்டுப் படையே பாலம் கடந்து வந்தது.

பஹ்ரைனைச் சொன்னதால் ஷியா-சுன்னிக்கு வருகிறேன். அது முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. பஹ்ரைனில் குடிமக்களில் பெரும்பான்மை ஷியாக்கள், அரச குடும்பம் சுன்னி, பாதுகாப்புப் படையில் யாருக்கு வேலை என்பதில் அது தெளிவாகத் தெரியும். ஈராக்கில் 2003இல் அமெரிக்கா வந்து ஆமியைக் கலைத்து, சதாமின் பாத் கட்சிக்காரரை வேலையில் இருந்து நீக்கி, பதவிகளைப் பிரிவுவாரியாகப் பங்கிட்ட பிறகு, சம்பளமும் மரியாதையும் இழந்த ஆட்கள் துவக்கோடு வெளியே நின்றார்கள்; 2014 ஜூனில் மோசூல் ஐ.எஸ்ஸின் கையில் விழுந்ததற்கு அதில் பங்கு இருக்கிறது. பிரிவு உண்மையான பயமாக மாறும், யாராவது அதை வேலைக்கும் உயிருக்கும் அளவுகோலாக்கும்போது. ஆனால் யெமனைப் பாருங்கள். நீண்ட காலம் சனாதிபதியாக இருந்த அலி அப்துல்லா சாலேயும் ஸைதி (அது ஷியாவின் ஒரு கிளை), வடக்கு யெமன் ஆயுத இயக்கமான ஹூதிகளும் ஸைதிகள். 2004 முதல் 2010 வரை ஆறு தடவை அவர்களோடு போர் செய்தார். பதவி போன பிறகு அதே ஹூதிகளோடு கைகோத்தார், 2014 செப்டம்பரில் சனாவை அவர்கள் பிடிக்க அது உதவியது. 2017 டிசம்பரில் கட்சி மாற முயன்றபோது அவர்களே அவரைக் கொன்றார்கள். பிரிவை மட்டும் வைத்து இதில் எந்த வரியையும் விளக்க முடியாது.

ஒரு தடவை முழுதாகச் செய்து பார்ப்போம், சூடானை எடுங்கள். நாடு எது: எகிப்துக்குத் தெற்கே, செங்கடல் ஓரம். தொடங்கிய நாள் 2023 ஏப்ரல் 15. யாரும் யாரும்? ஆமித் தளபதி புர்ஹானும், துரித ஆதரவுப் படையின் தலைவர் ஹெமெத்தியும். இருவரும் சுன்னி முஸ்லிம்கள், இருவரும் சேர்ந்துதான் 2021 ஒக்டோபரில் சிவில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். சாட்டு என்ன: ஹெமெத்தியின் படையை ஆமிக்குள் சேர்க்க இரண்டு வருடமா பத்து வருடமா என்ற தகராறு. காரணத்துக்கு இன்னும் பின்னால் போங்கள். 2018 டிசம்பரில் அத்பரா நகரில் ஒரு பவுணாக இருந்த பாண் மூன்று பவுணானதும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், 2019 ஏப்ரலில் முப்பது வருட பஷீர் ஆட்சி விழுந்தது. இன்னும் பின்னால், 2003இல் டார்பூர் கிளர்ச்சியை அடக்க அரசாங்கமே ஜன்ஜவீத் என்ற குதிரைப்படைக் குழுக்களுக்கு ஆயுதம் கொடுத்தது. ஹெமெத்தியின் படை அதில் இருந்து வளர்ந்தது, டார்பூர்த் தங்கத்தில் கொழுத்தது. ஊர்காவல் படைக்குத் துவக்குக் கொடுத்துப் பழகிய நமக்கு, துவக்கு திரும்ப வராது என்பது தெரியும். வெளியே யார்: எகிப்து ஆமிக்குக் கிட்ட, எமிரேட்ஸ் ஹெமெத்திக்கு உதவுகிறது என்று குற்றச்சாட்டு, அவர்கள் மறுக்கிறார்கள். விலை கொடுத்தவர் யார்: ஒரு கோடிக்கும் மேல் சனம் வீடு இழந்தது, டார்பூரில் மசாலித் போன்ற அரபி அல்லாத சமூகங்கள் ஊரோடு கொல்லப்பட்டன. ஒரு கொப்பிப் பக்கம், ஏழெட்டு வரி, அரை மணித்தியாலம். இவ்வளவு பெரிய அழிவைப் பற்றி நம் பள்ளிவாசலிலும் கோயிலிலும் யாரும் பேசிக் கேட்டதில்லை என்பது எனக்கு மனவருத்தம்.

வெடிச்சத்தம் இல்லாத சண்டையும் இருக்கிறது, நம் ஆட்கள் வாழ்வது அதற்குள்தான். கட்டாரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் அந்த நாட்டவர். கபீல், அதாவது வேலைக்கு எடுத்த பொறுப்பாளர், கையெழுத்து வைத்தால்தான் இக்காமா என்ற வதிவிட அனுமதி. வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்குப் பல இடங்களில் தொழிற்சட்டம் முழுதாகப் பொருந்துவதில்லை. குவைத்தில் பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாத பிதூன் மக்கள் பரம்பரையாக இருக்கிறார்கள், அந்தச் சொல்லுக்கே "இல்லாத" என்றுதான் பொருள். சம்பளம் மூன்று மாதம் வராமல் ஒரு முகாமில் ஆட்கள் வேலைக்குப் போக மறுத்தால் அது செய்தியில் வராது, ஆனால் அதுவும் அரபு நாட்டுச் சமூக முரண்பாடுதான்.

கடைசியாக, குரல் பதிவு வரும்போது என்ன செய்வது. 2025 ஜூன் 23ஆம் திகதி இரவு ஈரான் கட்டாரில் உள்ள அல் உதைத் அமெரிக்கத் தளத்துக்கு ஏவுகணை விட்டது. எங்கள் தெருவில் ஒரு மணித்தியாலத்துக்குள் "டோஹா எரியுது" என்று பதிவு வந்தது, ராத்தா முற்றத்தில் இருந்து எழும்பவில்லை, மச்சான் அங்கே சனய்யா என்ற தொழிற்பேட்டைப் பகுதியில். நான் மூன்றை மட்டும் பார்த்தேன்: அடித்தது எதை, அது மச்சானின் அறையில் இருந்து எவ்வளவு தூரம், அடித்தவர் இத்தோடு நிறுத்தப்போகிறாரா. அடித்தது தளத்தை, நகரத்தை இல்லை. தூரம் பல கிலோமீற்றர். விமானங்களை நிறுத்தி மறுபடி அதே இரவில் விட்டார்கள். அதே வருடம் செப்டம்பர் 9இல் இஸ்ரேல் டோஹாவில் அடித்தபோதும் இதே மூன்று கேள்வி, ஆனால் விடை வேறு, அது குடியிருப்புப் பகுதி, அன்று நானும் பயந்தேன்.

ஆள் அங்கே இருந்தால் போனில் "யுத்தமா?" என்று கேட்காதீர்கள், அவருக்கும் தெரியாது. கம்பனி பஸ் வந்ததா, கடையில் குப்பூஸ் ரொட்டியும் தண்ணீரும் இருக்கிறதா, பாஸ்போட் கையிலா கபீலிடமா, இந்த மாதச் சம்பளம் விழுந்ததா, தூதரகத்தில் பெயர் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். பாஸ்போட்டையும் இக்காமாவையும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லி, இங்கே ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து வைத்துவிடுங்கள். மச்சான் அன்று இரவு பதிலுக்கு அனுப்பியது, விடிய நாலரைக்குக் கம்பனி பஸ் வழமைபோல் வந்து நின்ற படம்.